கேரட்டா பட்டாணியா என்று கேட்டவர்

ஈஸ்ட் பார்லோ பள்ளிக்கூடத்துச் சமையல்காரர் அர்மான் டெரோஷுக்கு ஒரு பெருமை உண்டு. இருபத்து மூன்று வருஷத்தில் அவருடைய சாப்பாட்டு வரிசையைக் காய்கறி வாங்காமல் கடந்து போன பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. அவர் மிரட்டியதில்லை, கெஞ்சியதும் இல்லை. பிள்ளைகள் தாங்களே வாய் திறந்து கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

மலைக்குக் கீழே இருக்கிற பள்ளியின் சமையல்காரி ஒருத்தி, இதில் என்ன ரகசியம் என்று ஒருநாள் வந்தே கேட்டுவிட்டாள்.

"காய் வேணுமான்னு கேட்டா புள்ள என்ன சொல்லும்? வேணாம்னுதான் சொல்லும். நான் அப்படிக் கேக்கறதே இல்ல. கேரட்டா, பட்டாணியான்னு கேப்பேன். அது நின்னு யோசிக்கும். ரெண்டுல எதுன்னுதான் யோசிக்கும். வேணுமா வேணாமாங்கற பேச்சே அது மண்டைக்குள்ள போகாது."

"அது ஏமாத்து வேலை இல்லையா, அர்மான்?"

"அஞ்சு வயசும்மா. எல்லாத்தையும் அதையே முடிவு பண்ணச் சொன்னா மூணு வேளையும் கேக்கைத்தான் தின்னும்."

பள்ளிக்கு வருவதற்கு முன்னால் அர்மான் மாடு வளர்த்தார். பத்தாவதோடு படிப்பை விட்டவர். அவருடைய தாத்தா கனடாவின் கியூபெக்கிலிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவின் வெர்மான்ட் மலைக்கு வந்து போட்ட தொழுவத்தில் நாற்பது பசுக்களைக் கறந்தார். பால் விலை விழுந்தது. மாடுகளை விற்ற அன்று தொழுவத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவரை மனைவி தெரேஸ்தான் கிளப்பினாள். "பள்ளிக்கூடத்துல சமைக்க ஆள் வேணுமாம். நாப்பது மாட்டுக்குத் தீனி வெச்ச, நாப்பது புள்ளைக்கு வைக்க மாட்டியா? எழுந்திரு." முதல் வாரம் சூப் அடிப்பிடித்தது, இரண்டாவது வாரம் ரொட்டி கல்லானது. மூன்றாவது வாரம் ஒரு பிள்ளை இன்னொரு கரண்டி கேட்டது. அன்றிலிருந்து மாடுகள் அவர் கனவில் வருவது நின்றது.

இந்த ஜனவரியில், அறுபத்தேழாவது வயதில், அர்மானுக்குப் பேத்தி பிறந்தாள். முதல் பேத்தி. பெயர் ஓடெட். பள்ளிக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிற மகள் நோயெலின் குழந்தை. அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பால் பெட்டி இறக்க வந்தவன் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பான், இவர் கைப்பேசியை நீட்டி, "இந்த மூக்கைப் பாரு, கொட்டாவி விட்டாக்கூட என்ன அழகு பாரு" என்பார். அவன் அதே மூக்கை நேற்றும் பார்த்தவன். "ஆமா, அர்மான், இன்னும் அதே இடத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பான்.

குழந்தை பிறந்த நாலாவது வாரம் எல்லார் வீட்டுக்கும் ஊர் அறிக்கை வந்தது. மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம், வயது வந்த எல்லாரும் ஒன்றுகூடி ஊர்க் காரியங்களுக்கு ஓட்டுப் போடுகிற நாள். பேச வேண்டியவை எல்லாம் எண் போட்டு அச்சடித்திருந்தது. பன்னிரண்டாவதாக இப்படி இருந்தது: "ஈஸ்ட் பார்லோ பள்ளியின் பிள்ளைகளில், முதல் மூன்று வகுப்புகளைக் கிரெய்டன் பள்ளிக்கு முதலில் அனுப்புவதா, அல்லது மேல் மூன்று வகுப்புகளை முதலில் அனுப்புவதா? ஊரின் சொல் எதுவோ அதன்படி பள்ளிக் கமிட்டி நடக்கும்."

கிரெய்டன் மலைக்குக் கீழே பதினாலு மைல். பனிக்காலத்தில் அந்தச் சாலையில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. பெரிய பிள்ளைகள் போகட்டும் என்று அர்மான் ஒரு பக்கம் நின்றார். சின்னவர்கள் இங்கேயே இருந்தால், இருக்கிற வரைக்கும் இழுத்துப் பிடித்தால், ஓடெட்டுக்கு ஐந்து வயதாகும்போது முதல் வகுப்பாவது மிஞ்சியிருக்கும் என்பது அவர் கணக்கு. சின்னவர்கள் போகட்டும் என்று எதிர்ப்பக்கம் நின்றவர் வெண்டெல் கிட்ரிஜ். அவருடைய மகன் நாலாம் வகுப்பில் இருந்தான், தொடங்கிய இடத்திலேயே அவன் படித்து முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அர்மானும் வெண்டெலும் முப்பது வருஷமாக ஒன்றாக மேப்பிள் மரங்களில் இனிப்புச் சாறு இறக்கிப் பாகு காய்ச்சுகிறவர்கள்.

கடையில் காப்பிக் கோப்பையோடு நின்றபோது இரண்டு பேருக்கும் வெடித்தது.

"ஆறு வயசுக் குழந்தைய அந்த வளைவுல பஸ்ல அனுப்பச் சொல்றியா, வெண்டெல்? உனக்கு மனசாட்சி இருக்கா?"

"உன் பேத்திக்கு இன்னும் கழுத்தே நிக்கல. அதுக்காக என் புள்ள பள்ளிக்கூடம் மாறணுமா?"

"என் பேத்திய ஏன்யா இழுக்கற?"

"நீதான் ஊருக்கெல்லாம் போட்டோ காட்டி இழுத்துட்டுத் திரியற!"

இந்த வருஷம் மரங்களுக்கு வாளி மாட்ட வெண்டெல் வரவில்லை. அர்மான் பாதி மரங்களுக்குத் தனியாகவே மாட்டினார். மீதி சும்மா நின்றது.

கூட்டத்தன்று காலை ஒன்பது மணிக்குப் பள்ளியின் விளையாட்டுக்கூடம் நிறைந்துவிட்டது. இரும்பு நாற்காலிகள், சேறு படிந்த பூட்ஸ்கள், பாதிப் பெண்கள் கையில் பின்னல் ஊசி. அவைத் தலைவர் ஹாலிஸ் ஃபார்ன்ஹம் பதினெட்டு வருஷமாகக் கூட்டத்தை நடத்துகிறவர், மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசிக்கொள்ள அவர் விடமாட்டார். யாரைத் திட்டுவதாக இருந்தாலும் ஹாலிஸின் முகத்தைப் பார்த்துத்தான் திட்ட வேண்டும்.

பதினோரு மணிக்குப் பன்னிரண்டாவது பொருள் வந்தது.

"அவைத் தலைவரே, சின்னப் புள்ளைங்க பஸ்ல வாந்தி எடுக்கும்."

"அவைத் தலைவரே, பெரிய புள்ளைங்க பஸ்ல அடிச்சுக்கும். வாந்திய கழுவிடலாம்."

"அவைத் தலைவரே, இப்பப் பேசினவருக்குப் புள்ளையே கிடையாதுங்கறத அவருக்கு ஞாபகப்படுத்துங்க."

"அவருக்கு அது தெரியும்னு நினைக்கிறேன்" என்றார் ஹாலிஸ். கூட்டம் சிரித்தது.

ஒரு மணி நேரம் இப்படியே போனது. அர்மான் வாய் திறக்கவில்லை. நாற்பது வருஷக் கூட்டங்களில் அவர் "ஆமாம்", "இல்லை" தவிர வேறு பேசியதில்லை. படித்தவர்கள் எழுந்து சட்டம் பேசுகிற இடத்தில் தன் நாக்கு பிசகும் என்று அவருக்குப் பயம். பன்னிரண்டு அடித்ததும் ஹாலிஸ் சுத்தியலைத் தட்டினார். சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டு.

அன்றைய சாப்பாடும் அர்மான் கைதான். ஹாம் என்கிற உப்பிட்ட பன்றிக்கறி, பாகு ஊற்றி இரவெல்லாம் வெந்த பீன்ஸ், ரொட்டி, பிறகு இரண்டு காய். அவர் மேசைக்குப் பின்னால் நின்று கரண்டியைப் பிடித்தார்.

"முட்டைக்கோஸா, பீட்ரூட்டா? முட்டைக்கோஸா, பீட்ரூட்டா?"

வரிசை நகர்ந்தது. வெண்டெல் பேசாமல் பீட்ரூட்டைக் காட்டினார். அவருக்கு அடுத்து எண்பத்து நாலு வயது மிஸஸ் விட்கம்ப் வந்தார்.

"முட்டைக்கோஸா, பீட்ரூட்டா, மிஸஸ் விட்கம்ப்?"

அவர் அர்மானை ஏற இறங்கப் பார்த்தார். "நான் காய் சாப்பிடறதா உன்கிட்ட யாருப்பா சொன்னது?"

"அது இல்லீங்க, எதுன்னு..."

"எதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி வேணுமான்னு கேக்கணும். இதெல்லாம் உன் பொடிப் பசங்ககிட்ட வெச்சுக்க. எனக்கு இன்னொரு துண்டு ஹாம் போடு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அர்மானும் சிரித்தார். ஹாமை எடுத்து அவர் தட்டில் வைத்தார். அடுத்த ஆளுக்காகக் கரண்டியைத் தூக்கினார், தூக்கிய கரண்டி அப்படியே நின்றது. சிவப்புச் சாறு மேசைத் துணியில் சொட்டியது.

சின்னவர்களா, பெரியவர்களா?

"அர்மான், ஊத்துது பாரு" என்றார் எதிரில் நின்றவர்.

அனுப்புவதா வேண்டாமா என்று எப்போது கேட்டார்கள்? யாரிடம் கேட்டார்கள்? அர்மான் மூன்று வாரத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். கடையில் பேசியது, வெண்டெலோடு சண்டை போட்டது, நோயெலிடம் புலம்பியது. எல்லாவற்றிலும் "பள்ளிக்கூடம் மூடினதுக்கு அப்புறம்" என்றுதான் அவரே பேசியிருந்தார். யார் மூடினார்கள்? இருபத்து மூன்று வருஷம் பிள்ளைகளிடம் செய்ததை யாரோ தனக்குச் செய்துவிட்டார்கள், தானும் தட்டை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குக் காது மடல் சூடானது.

கரண்டியை மனைவியிடம் கொடுத்துவிட்டு நேராக மகளிடம் போனார்.

"நோயெல், பள்ளிக்கூடத்த மூடறதுன்னு எப்ப முடிவாச்சு?"

"போன வருஷம் இருக்கும்ப்பா."

"நீ இருந்தியா அன்னைக்கு?"

"இருந்தேனே. அன்னைக்கு வந்து..." நோயெல் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு யோசித்தாள். "அன்னைக்கு அறிக்கை ஒண்ணு வந்துச்சு. அத... மூடறதப் பத்தி நாம ஓட்டுப் போட்டோமா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

ஒரு மணிக்குக் கூட்டம் மறுபடி கூடியது. ஹாலிஸ் ஓட்டுக்கு விடப் போகிற நேரத்தில் அர்மான் எழுந்தார். மேலங்கி முழுக்கப் பீட்ரூட் கறை. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பேச வராதவர் எழுந்ததைப் பார்த்ததும் பின்னல் ஊசிகள் கூட நின்றன.

"அவைத் தலைவரே, எனக்கு ஒரு சந்தேகம். யாரு முதல்ல போறதுன்னு கேட்டிருக்கு. போகணும்னு எப்ப முடிவு பண்ணினோம்?"

பள்ளிக் கமிட்டியின் தலைவி மார்ஜரி லேன் எழுந்தாள். நல்ல பெண்தான், ஒழுகுகிற கூரைக்கும் குறைகிற பிள்ளைகளுக்கும் நடுவில் இரண்டு வருஷம் தூக்கத்தைத் தொலைத்தவள். "அவைத் தலைவரே, அது போன வருஷமே முடிஞ்ச விஷயம். கமிட்டி அறிக்கைய ஊர் ஏத்துக்கிட்டாச்சு."

"அதக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க" என்றார் அர்மான்.

ஊர் எழுத்தர் பழைய பதிவேட்டை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். "பள்ளிக் கமிட்டியின் அறிக்கையை ஊர் பெற்றுக்கொண்டது."

"பெற்றுக்கொண்டது" என்று அர்மான் திருப்பிச் சொன்னார். "மின்சாரக் கம்பெனிக்காரன் விலைய ஏத்தப் போறேன்னு கடுதாசி போடறான். அதையும்தான் நான் பெற்றுக்கறேன். அதுக்காக நான் சரின்னு சொன்னதாகுமா?"

சிரிப்பு எழுந்தது. எழுத்தர் பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டினார், அதற்கு முந்தின வருஷம், அதற்கும் முந்தின வருஷம். கூடம் முழுக்கத் தாள் புரளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூடறதுன்னு ஓட்டு எடுத்ததா எங்கயும் இல்ல, அவைத் தலைவரே."

மார்ஜரியின் முகம் மாறியது. அவளும் ஒளித்து வைக்கவில்லை. எல்லாரும் முடிந்துவிட்டதாகப் பேசிப் பேசி அவளுக்குமே முடிந்துபோயிருந்தது.

"ஏன், அர்மான், வேலை போயிடும்னு பயமா?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஹாலிஸ் சுத்தியலைத் தூக்கினார். அர்மான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவைத் தலைவரே, அவருக்குச் சொல்லுங்க. ஜூன் மாசத்தோட நான் ஓய்வு. அந்தப் பானைங்கள வேற யாராவது கழுவட்டும். ஆனா சுயநலம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். என் சுயநலம் மூணாவது வரிசையில, மஞ்சத் தொப்பி போட்டுத் தூங்கிட்டு இருக்கு."

எல்லாரும் திரும்பி மஞ்சள் தொப்பியைப் பார்த்தார்கள். நோயெல் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் உங்க புள்ளைங்களுக்கு ஒரு வேலை பண்றேன்" என்று அர்மான் தொடர்ந்தார். "கேரட்டா பட்டாணியான்னு கேப்பேன். வேணுமான்னு கேக்க மாட்டேன். அஞ்சு வயசுக்கு அது நல்லது. நமக்கெல்லாம் அஞ்சு வயசா? மூணு வாரமா நாம எது எதுன்னே அடிச்சுக்கிட்டோம். நானும்தான், எல்லாரையும்விடச் சத்தமா. என் சிநேகிதன் ஒருத்தன்கிட்ட பேச்சையே விட்டேன். அதனால இந்தக் கேள்விய மாத்தணும்னு கேக்கறேன். நம்ம பள்ளிக்கூடத்தக் காப்பாத்தணுமா, வேண்டாமா? அத முதல்ல கேளுங்க."

மார்ஜரி உடனே எழுந்தாள். "அவைத் தலைவரே, ஆட்சேபணை. காப்பாத்தணுமான்னு கேட்டா யாரு வேணாம்னு சொல்லுவாங்க? அப்படின்னா அனுப்பணும்னு நினைக்கிறவங்க எல்லாம் அதக் கொல்ல வந்தவங்களா? கிரெய்டன்ல பாட்டு வாத்தியார் இருக்காங்க, ஆய்வுக்கூடம் இருக்கு. புள்ளைங்க நல்லதுக்குன்னே அனுப்ப நினைக்கிறவங்களும் இங்க உக்காந்திருக்காங்க. அர்மானும் நமக்குப் பட்டாணிதான் ஊட்டப் பாக்கறாரு."

அவள் சொன்னது சரிதான் என்று அர்மானுக்குப் பட்டது. நாற்பது வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்த இரண்டாவது நிமிஷத்திலேயே மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தார், சிரிப்பும் வந்துவிட்டது.

"மார்ஜரி சொல்றது நெசம். பழக்கதோஷம், அவைத் தலைவரே. காப்பாத்தறத எடுத்துடுங்க. இப்படிப் போடுங்க. நம்ம புள்ளைங்க இங்கயே படிக்கணுமா, கிரெய்டனுக்குப் போகணுமா, இல்ல..." அவர் நின்று விரலை மடக்கி யோசித்தார். "இல்ல, இதுலயும் ரெண்டே ரெண்டுன்னு ஆயிடுது. சுருக்கமாப் போடுங்க. ஈஸ்ட் பார்லோ பள்ளிக்கூடத்த மூடலாமா? ஆமாம், இல்ல. அவ்வளவுதான். மூடலாம்னு வந்தா அப்புறம் யாரு முதல்லன்னு சண்டை போட்டுக்கலாம். நான் அதுக்கும் தயார்."

"வழிமொழிய யாராவது உண்டா?" என்று ஹாலிஸ் கேட்டார்.

அர்மானோடு மூன்று வாரம் சேர்ந்து நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சின்னவர்கள் இருப்பது உறுதி என்று காலையில்தான் தலையை எண்ணி வைத்திருந்தார்கள், கையில் இருப்பதை விட்டுவிட யோசித்தார்கள். யாரும் வழிமொழியாவிட்டால் பேச்சு அங்கேயே செத்துவிடும். ஹாலிஸ் இரண்டாம் தடவை கேட்டார்.

"வழிமொழியிறேன்." வெண்டெல் கிட்ரிஜ் எழுந்துகூட நிற்கவில்லை. "அவைத் தலைவரே, எனக்கு இன்னும் அந்த ஆள் மேல கோவம்தான். அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

"பதிவேட்டுல கோவத்துக்கு இடம் இல்ல" என்றார் ஹாலிஸ். அவர் விதிப் புத்தகத்தைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். எழுதியிருக்கிற பொருளை விட்டு விலகுகிற திருத்தம் என்றால் தள்ளிவிட வேண்டியது அவர் கடமை, பலரை அப்படி உட்கார வைத்திருக்கிறார். கடைசியில் நிமிர்ந்தார்.

"யாரு முதல்ல போறதுங்கற கேள்வி, போறாங்கன்னு சொல்லாமலே சொல்லுது. சொல்லாதது இந்தக் கேள்விக்குள்ளயேதான் இருக்கு. வெளியில இருந்து கொண்டு வந்ததில்ல. திருத்தம் செல்லும்."

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். காலையில் பேசியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கூரையைப் பற்றி, பாட்டைப் பற்றி, பதினாலு மைலைப் பற்றி எல்லாம் பேசினார்கள். காலையில் வாயே திறக்காதவர்கள் எழுந்தார்கள். கிரெய்டனே நல்லது என்று ஒரு தகப்பன் கண் கலங்கச் சொன்னபோது அர்மானும் தலையாட்டிக் கேட்டார். பிறகு ஹாலிஸ் திருத்தத்தைக் கேட்டார், கூடம் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டது. பள்ளியை மூடலாமா என்ற கேள்விக்கு மட்டும் குரலை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை. இரண்டு சத்தமும் ஒரே அளவாகக் கேட்டது.

"எழுந்து நில்லுங்க. எண்ணுவோம்."

மூடலாம் என்றவர்கள் முதலில் எழுந்தார்கள். எண்பத்தெட்டு. பிறகு வேண்டாம் என்றவர்கள் எழுந்தார்கள். நோயெல் குழந்தையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். எழுத்தர் வரிசை வரிசையாக விரல் நீட்டிக்கொண்டு வந்தார். அர்மானின் முன்னால் ஒரு கணம் நின்றார்.

"நீங்க ஒண்ணு. அந்த அம்மாவுக்கு இன்னும் வயசாகல."

"தெரியும், தெரியும். முகத்தப் பாத்தா எண்ணத் தோணுதில்ல?"

"தோணுது. எண்ண முடியாது." அவர் நகர்ந்தார்.

அர்மான் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவர் கரண்டியிலிருந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள். காலையில் எதிரெதிராகக் கத்தியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மிஸஸ் விட்கம்ப் கைத்தடியை ஊன்றி நின்றார். மூன்று வரிசை தள்ளி வெண்டெல் நின்றார், இவர் பக்கம் திரும்பவில்லை, ஆனால் நின்றார்.

எழுத்தர் சீட்டை ஹாலிஸிடம் கொடுத்தார். ஹாலிஸ் அதை இரண்டு தடவை படித்தார்.

"மூடலாம், எண்பத்தெட்டு. வேண்டாம், நூத்து மூணு. பள்ளிக்கூடம் இருக்கும்."

யாரோ சீழ்க்கை அடித்தார்கள். தெரேஸ் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தாள். மார்ஜரி நாற்காலிகளைத் தாண்டி வந்து அர்மானின் கையைக் குலுக்கினாள். "கூரைக் கமிட்டின்னு ஒண்ணு போடப் போறேன். ஜூனுக்கு அப்புறம் நீங்க சும்மாதானே இருப்பீங்க? செவ்வாய்க்கிழமை வர்றீங்களா, வியாழக்கிழமை வர்றீங்களா?"

"ஏம்மா, நான் வரேன்னு எப்ப சொன்னேன்?" என்றார் அர்மான். மார்ஜரி வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்து, "செவ்வாய்க்கிழமை" என்றார்.

கூட்டம் உட்கார்ந்தது. அடுத்தது சாலைக்கு மணல் போடுகிற விஷயம், ஹாலிஸ் வாசிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கூடத்தில் ஒரே ஒரு ஆள், பீட்ரூட் கறையும் மார்பில் தூங்குகிற குழந்தையுமாக இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"எண்ணி முடிச்சாச்சு, அர்மான். உக்காரலாம்."

"உக்காருறேன், அவைத் தலைவரே" என்றார் அர்மான். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும்போல இருக்கு."

ஹாலிஸ் ஆட்சேபிக்கவில்லை. அவர் நிற்கட்டும் என்று விட்டுவிட்டு மணலைப் பற்றி வாசித்தார்.